ஓடை இறங்கிய மதியம்

வெளியே கொட்டுகிற மழை போதாதென்று வீட்டுக்குள்ளும் சொட்டிக்கொண்டிருந்தது. கூரை ஒழுகவில்லை. குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கொடிகளில் ஊரார் துணிகள் ஈரத்தோடு தொங்கின. ஓட்டல் மேசைவிரிப்புகள், பள்ளிக்கூடச் சட்டைகள், யாரோ ஒரு புண்ணியவான் மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டிய திரைச்சீலைகள். மாமியார் அவற்றுக்கடியில் குனிந்து குனிந்து நடந்து, அரை ஈரத்துக்கு வந்ததாகப் பார்த்து உருவி, மேசையில் விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சலவைத் தொழிலுக்கு முதல் எதிரி மழை, இரண்டாவது எதிரி மருமகள் என்று அவள் விளையாட்டாகச் சொல்வதுண்டு. பாதிதான் விளையாட்டு.

அந்த இரண்டாவது எதிரி அடுப்புமேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நகராட்சி வடிகால் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. என்ன வேலை என்று மாமியாருக்கு எத்தனை முறை விளக்கியும் ஏறவில்லை. ஓடைக்கு மேலே, கல்குவாரியைச் சுற்றி, கிண்ணம்போல ஒரு மலைச்சரிவு இருக்கிறது. அங்கே விழுகிற மழை எல்லாம் இந்த ஒரே ஓடை வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். விழுந்ததில் மண் எவ்வளவு குடிக்கும், மிச்சம் எவ்வளவு வரும், எப்போது வரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு ஒரு கோடாக வரைய வேண்டும். அதற்கு மாடல் என்று பெயர். "மழை பெஞ்சா ஓடையில தண்ணி வரும். இதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு சம்பளம்" என்பது மாமியாரின் முடிவு.

தெருவில் அவளுக்கு 'ஓடைக்காரி' என்று பெயர். போன மழைக்காலத்தில் வைத்த பெயர் அது. ஓடை கரை மீறப்போகிறது என்று மாடல் சொன்னது. அவள் அலுவலகத்தில் சொன்னாள். அலுவலகம் அபாயச் சங்கு ஊதியது. ஓடையோரத் தெரு முழுக்க மூட்டை முடிச்சு, மெத்தை, கோழிக்கூண்டு சகிதம் மேட்டுத்தெருவுக்கு ஏறிப்போய் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. ஓடையோ பாதிக் கரைக்கு மேல் ஏறவில்லை. அதற்குப் பிறகு கடைக்குப் போனால்கூட, "ஓடைக்காரி வந்துட்டா, மூட்டையைக் கட்டுங்கப்பா!" என்று யாராவது ஒருவர் குரல் கொடுக்காமல் இருந்ததில்லை. அலுவலகத்துப் பொறியாளர் மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து, "முதல்ல அந்த மாடலைச் சரி பண்ணும்மா" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

அவளும் சரி பண்ணினாள். அத்தனை மழை பெய்தும் ஓடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் எங்கே போயிருக்கும்? மண்தான் குடித்திருக்க வேண்டும். மாடலில் அந்தச் சரிவின் மண்ணுக்குப் பெரிய வயிறாக வைத்தாள். கோடு பணிந்து இறங்கி, ஓடை எட்டிய உச்ச மட்டத்தோடு அச்சாகப் பொருந்தியது. பார்க்க அழகாக இருந்தது. அவமானப்பட்டவளுக்கு அந்த அழகு போதுமானதாகவும் இருந்தது.

"அண்ணி, கோடு எப்படி இருக்கு?" என்று உள்ளறையிலிருந்து நாத்தனார் கேட்டாள்.

"ஒழுங்கா இருக்கு. நீ புரளாம படு."

புருஷனின் தங்கை அவள். கட்டியவன் கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறான். இவள் ஏழு மாத வயிற்றோடு தாய்வீட்டில் கட்டிலில் கிடக்கிறாள். இதற்கு முன்னால் இரண்டு கலைந்துவிட்டன. இந்தத் தடவை நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது, எழுந்து நடந்தால், அசைந்தால், குலுங்கினால் ரத்தம் போகும், பிள்ளையும் போகும் தாயும் போவாள் என்று டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்கிறவரை படுத்த படுக்கை. பல் துலக்குவதுகூடப் படுத்தபடியேதான்.

அந்த அறையின் ஜன்னல் ஓடையைப் பார்த்திருந்தது. வீட்டின் பின்படி இறங்கினால் ஓடை. ஓடையோரத்தில் மாமியார் துவைக்கிற கல். காலையில் கல் மூழ்கிவிட்டிருந்தது. செந்தண்ணீர் அதன் மேல் ஏறிப் புரண்டு போனது. நாத்தனார் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பயமாக இருக்கிறது என்று அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை. கோட்டைத்தான் கேட்டாள், கால்மணிக்கு ஒரு தரம்.

திரையில் இரண்டு கோடுகள். நீலக் கோடு மாடல் சொல்வது. சிவப்புக் கோடு நடைபாலத்தில் கட்டியிருக்கும் கருவி அளந்து அனுப்புகிற நிஜமான தண்ணீர் மட்டம். காலையிலிருந்து இரண்டும் கைகோத்த புதுத்தம்பதி மாதிரி சேர்ந்தே ஏறிக்கொண்டிருந்தன. பின்படியில் கடைசிக்கு முந்தைய படியோடு தண்ணீர் நின்றுவிடும் என்றது நீலம். ஓடைக்காரிக்கு உள்ளுக்குள் ஒரு சின்னக் கர்வம்கூட எட்டிப் பார்த்தது.

மதியத்துக்கு முட்டை வேகவைத்தாள். முட்டையை உரித்து, உப்பு தொட்டு, நாத்தனாருக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது மாமியார் ஜன்னலோரம் வந்து நின்று, "அட, கல்லு தெரியுது பாரு!" என்றாள்.

தெரிந்தது. துவைகல்லின் முதுகு தண்ணீருக்கு மேலே வந்திருந்தது.

"பார்த்தியா கண்ணு, வடியுது. நான்தான் சொன்னேனே. இந்த ஓடைக்கு இவ்வளவுதான் மிடுக்கு" என்று மகளின் நெற்றியைத் தடவினாள் மாமியார். நாத்தனார் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். "அம்மா, எனக்கு டீ வேணும்" என்றாள். இரண்டு நாளில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது.

ஓடைக்காரி டீக்குத் தண்ணீர் வைக்கப் போனவள் திரையைப் பார்த்தாள். நீலக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. சிவப்பு அதன் கையை உதறிவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

நல்லதுதானே என்று முதலில் நினைத்தாள். மாடல் கொஞ்சம் கூடச் சொல்கிறது, அவ்வளவுதான். பிறகு மழைமானியைப் பார்த்தாள். குவாரி மேட்டில் இருக்கும் அந்தக் கருவி இப்போதும் காலையைவிட அதிகமாகத்தான் மழையைக் காட்டிக்கொண்டிருந்தது. கூரையில் சத்தம் குறையவில்லை. மழை ஏறுகிறது, ஓடை இறங்குகிறது. மண் குடிக்கிறதென்று சொல்லலாமென்றால், ஊறி ஊறிக் கொழகொழத்துக் கிடக்கிற மண் இனி எதைக் குடிக்கும்?

போன வருஷக் கோடுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அன்றைக்கும் சிவப்பு இப்படித்தான், பாதி ஏற்றத்தில் முறித்தது போல இறங்கியிருந்தது. அன்று அந்த இறக்கத்துக்குக் காரணம் தேடித்தான் மண்ணுக்கு வயிறு வைத்தாள். மண் குடித்தால் ஏற்றம் மட்டுப்படும். ஏறிய தண்ணீர் திரும்பிப் போகாது. இது தெரியாதவளா அவள்? தெரிந்தவள்தான். தெரிய விரும்பாமல் இருந்தாள்.



"டீ கொதிச்சு வழியுது, அங்க என்னத்தைப் பார்த்துட்டு நிக்கற?" என்றாள் மாமியார்.

அடுப்பை அணைக்கும்போதுதான் அவள் புருஷன் வந்தான். குவாரியிலிருந்து கல் ஏற்றுகிற லாரி ஓட்டுகிறான். முழங்கால் வரை சேறு. வாசலிலேயே நின்று சட்டையைப் பிழிந்தான்.

"சீக்கிரமா வந்துட்டியேடா?" என்றாள் தாய்.

"லோடு எடுக்கப் போக முடியலம்மா. குவாரி ரோட்டுல அந்தக் குழாய்ப்பாலம் இருக்கில்ல, ரோட்டுக்கடியில ஓடை நுழைஞ்சு போகுமே, அது அடைச்சுக்கிச்சு. மேல்பக்கம் ஏரி மாதிரி நிக்குது தண்ணி. ஆழம் தெரியாம வண்டியை விடுவானேன்னு திருப்பிட்டேன்."

"எதனால அடைச்சுச்சு?" ஓடைக்காரியின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"வெட்டிப்போட்ட மரம், முள்ளு, குப்பை எல்லாம்தான். போன வருஷமும் இப்படித்தான் அடைச்சுது. மழை விட்டதும் கசிஞ்சு கசிஞ்சு வடிஞ்சுபோச்சு. யாரு அள்றது அதை? ரோடு குவாரிக்காரனோடதுங்கறான் ஊர்க்காரன், ஓடை ஊரோடதுங்கறான் குவாரிக்காரன்."

"போன வருஷமா? எங்கிட்ட சொல்லவேயில்லையே நீங்க!"

"நீ கேக்கவேயில்லையே. லாரிக்காரனுக்கு தினம் ஒரு பள்ளம், தினம் ஒரு அடைப்பு. எல்லாத்தையும் வீட்டுல வந்து ஒப்பிக்கவா முடியும்?"

போன வருஷம் மாடல் சொன்னது சரி. தண்ணீர் வந்தது. வந்து, அந்த ரோட்டு மண்மேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. மழை அன்று நல்லவேளையாக விட்டது. இன்று விடவில்லை.

"ரோட்டுக்கு எவ்வளவு கீழே நிக்குது தண்ணி?"

"எங்க கீழே? நான் திரும்பும்போது ரோட்டோரத்தை நக்கிட்டிருந்துச்சு."

"அந்த ரோடு கருங்கல்லா, மண்ணா?"

"வெறும் கொட்டின மண்ணு. ஏன்?"

"ஏங்க, தண்ணி ரோட்டுக்கு மேல ஏறிச்சுன்னா மண்ணை அறுத்துடும். மொத்தமும் ஒரே மூச்சுல இறங்கும். இப்பவே இவளைத் தூக்கணும்."

மாமியார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "யாரைத் தூக்கணும்?"

"உங்க பொண்ணைத்தான் அத்தை. மேட்டுத்தெருவுக்கு."

"உனக்குப் பித்தா? புரளவே கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னது உன் காதுலயும்தானே விழுந்துச்சு? அங்க பாரு, கல்லு தெரியுது. ஓடை வத்துது. வத்துற ஓடையைப் பார்த்துப் பயப்படறவளை இன்னைக்குத்தான் பாக்கறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்!"

"வத்துதுன்னுதான் அத்தை பயப்படறேன்."

"போன தடவையும் இப்படித்தான் கண்ணை உருட்டின. மெத்தையெல்லாம் நனைஞ்சதுதான் மிச்சம். மெத்தை நனைஞ்சா காயப் போடலாம். இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க கொண்டுபோய்க் காயப் போடுவ?"

பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை. தூக்கினால் குலுங்கும். தூக்காவிட்டால் தண்ணீர். அவள் பொறியாளருக்குப் போன் போட்டாள்.

"மட்டம் இறங்குதேம்மா, நானும் பாத்துட்டுதான் இருக்கேன்" என்றார் அவர். "இறங்குற ஓடைக்கு நான் சங்கு ஊதினா என்னைக் கொண்டுபோய் எங்க உக்கார வைப்பாங்க தெரியுமா? உன் மாடலே படியோட நின்னுடும்னு சொல்லுது."

"மாடல் தப்பு சார். நான்தான் தப்பாக்கினேன்."

"ஆளை அனுப்பிப் பாக்கச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். ஆள் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் அங்கே பார்க்க எதுவும் இருக்காது.

ஆம்புலன்ஸுக்கும் போட்டாள். ஆஸ்பத்திரி ஓடைக்கு அக்கரையில். பெரிய பாலத்தில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள், காத்திருங்கள் என்றது குரல்.

உள்ளறைக்குப் போனாள். நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தன.

"அண்ணி, நிச்சயமா வருமா?"

நிச்சயம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. "வரலாம். வந்தா இந்தக் கட்டிலுக்கு மேல வரும். ஓட நேரம் இருக்காது."

நாத்தனார் ஜன்னலைப் பார்த்தாள். துவைகல் இப்போது பாதிக்கு மேல் வெளியே தெரிந்தது. கல்லைச் சுற்றிக் கூழாங்கற்கள்கூடத் தெரிய ஆரம்பித்திருந்தன. மழை பெய்து கொட்டுகிறபோது அப்படி ஓர் ஓடையை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"தூக்குங்க அண்ணா" என்றாள்.

கட்டில் அறை வாசலில் நுழையாது. கை கொடுத்துத் தூக்கினால் உடம்பு மடங்கும். புருஷன் ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தான். உள்ளறைகளுக்கெல்லாம் திரைதான், கதவென்று வீட்டில் இருந்தது வாசல் கதவு ஒன்றே. கீல் ஆணிகளைச் சுத்தியால் தட்டிக் கழற்றி, அதைக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து சாய்க்காமல் பிடித்தான். மெத்தைவிரிப்போடு அவளை அங்குலம் அங்குலமாகக் கதவின் மேல் இழுத்தார்கள். மாமியார் திட்டிக்கொண்டேதான் இருந்தாள்; ஆனால் ஓட்டல் மேசைவிரிப்பு ஒன்றை உருவி மகளைக் கதவோடு சேர்த்துக் கட்டியதும் அவள்தான், தலைமாட்டைப் பிடித்ததும் அவள்தான். அவசரத்தில் கோபமும் கையும் வேறு வேறு வேலை பார்க்கும்.

சந்து குறுகல். வழுக்கல். "மெதுவா, மெதுவா" என்றபடி தாயும் மகனும் தூக்கிப் போனார்கள். ஓடைக்காரி ஒரு கையால் நாத்தனார் முகத்துக்குக் குடை பிடித்து, மறுகையால் வழியெல்லாம் கதவுகளைத் தட்டிக்கொண்டே வந்தாள். "மேல வாங்க! தண்ணி வருது, மேல வாங்க!" முதல் வீட்டில், "புலி வருது, புலி வருது" என்று உள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறந்து பார்த்த சிரிப்பு அப்படியே நின்றது. அசையக்கூடாத பெண் கதவின் மேல் போய்க்கொண்டிருந்தாள். பெற்ற தாயே தலைமாட்டைப் பிடித்திருந்தாள். அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. சங்கு ஊதாமலே தெரு காலியாயிற்று.

மேட்டுத்தெருவில் தையல்கார அக்காவின் கடை. துணி வெட்டுகிற நீள மேசையில் இருந்ததையெல்லாம் அக்கா ஒரே தள்ளில் கீழே தள்ளிவிட்டு, மேசை மேல் கம்பளியை விரித்தாள். நாத்தனாரைக் கதவிலிருந்து மேசைக்கு மாற்றினார்கள். விரிப்பில் ரத்தம் இல்லை. மாமியார் இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு, தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

மழை பெய்தது. ஓடை இறங்கிக்கொண்டே இருந்தது. தெருக்காரர்கள் கடைத்தாழ்வாரத்தில் ஒண்டி நின்று, முதலில் ஓடையைப் பார்த்தார்கள். அப்புறம் ஓடைக்காரியைப் பார்த்தார்கள். "மீன் பிடிக்கலாம் போல இருக்கே" என்றான் ஒருவன். யாரோ சிரித்தார்கள்.

"அம்மா" என்றாள் மேசையிலிருந்து நாத்தனார். "அடிவயிறு இழுக்குது."

மாமியார் எழுந்து மருமகளைப் பார்த்த பார்வையில் திட்டே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தையல்கார அக்கா நாத்தனாரை ஒருக்களித்துப் படுக்கவைத்து இடுப்புக்குத் துணி கொடுத்தாள். இழுப்பு விட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது.

"டேய், வீடு திறந்து கிடக்குடா" என்றாள் மாமியார், யாரிடமாவது எதையாவது சொல்ல வேண்டியிருந்ததால். "ஊரார் துணி அத்தனையும் உள்ள. ஒண்ணு போனாலும் நாளைக்கு யாரு முகத்துல முழிக்கறது? கதவையாவது கொண்டுபோய் மாட்டிட்டு வா."

"வேணாங்க" என்றாள் ஓடைக்காரி.

அவன் மனைவியைப் பார்த்தான், ஓடையைப் பார்த்தான். சலித்துப்போன முகம். "மாட்டிட்டு ஓடியாந்துடறேன்" என்று கதவை முதுகில் ஏற்றிக்கொண்டு சந்தில் இறங்கினான். அவள் பின்னால் நாலடி போய், "ஏங்க!" என்று கத்தினாள். கதவு முதுகில் இருப்பவனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. உள்ளேயிருந்து நாத்தனாரின் முனகல் கேட்டது. அவள் திரும்பி ஓடினாள்.

நாத்தனார் அவள் கையைப் பிடித்து நசுக்கினாள். இழுப்பு வந்தது, போனது. ஓடைக்காரி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சும்மா கிடந்தவளைக் கிளப்பிக் கொண்டுவந்தது நான். தண்ணீர் வராமல் போனால், இந்தப் பிள்ளை போனால், அதைத் தின்றவள் நான். வாழ்நாள் முழுக்க இந்த வீட்டில் நான் ஊற்றுகிற டீயை யார் குடிப்பார்கள்? அப்போதுதான் அது அவளுக்குள் எழுந்தது, யாரும் சொல்லிக்கொடுக்காமல், வெட்கமில்லாமல்: வரட்டும். வந்துவிடட்டும். வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகட்டும். வா.

சத்தம் கேட்டது.

லாரியில் கல் கொட்டுகிற சத்தம்தான். ஆனால் கொட்டி முடியாத லாரி. தாழ்வாரத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கண்ணாடி அலமாரியில் பொத்தான் டப்பாக்கள் கலகலத்தன. பிறகு மலைப்பக்கம் ஓடையின் வளைவில் மரங்கள் நின்ற வாக்கிலேயே நடந்து வந்தன. அவற்றுக்குப் பின்னால் தண்ணீர் பழுப்புச் சுவராக வந்தது.

அவள் சந்து முனைக்கு ஓடினாள். யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். கீழே நடைபாலம் இருந்தது, பிறகு இல்லை. அவர்கள் வீட்டு ஜன்னலுக்குள் தண்ணீர் நுழைந்து, வாசல் வழியே மேசைவிரிப்புகளையும் திரைச்சீலைகளையும் வெள்ளை வெள்ளையாக வெளியே தள்ளியது. கதவு ஒன்று சுழன்று சுழன்று மிதந்து போனது. அவர்கள் கதவு. அதன் மேல் யாரும் இல்லை. "ஏங்க!" என்று அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

சந்தின் நடுவில், ஒரு வீட்டு மாடிப்படிக் கம்பியைக் கட்டிக்கொண்டு ஒருவன் தொங்கினான். தண்ணீர் இடுப்பு வரை ஏறி அவனைப் பிய்த்துக்கொண்டிருந்தது. தெருக்காரர்கள், சற்று முன்னால் மீன் பிடிக்கலாமென்று சொன்னவன்தான் முதலில், கொடிக்கயிறுகளை முடிந்து வீசினார்கள். இரண்டாவது வீச்சில் பிடித்துக்கொண்டான். இழுத்துப் போட்டபோது உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன. "கீல்ல மாட்டிட்டிருந்தேன்... பாதிகூட மாட்டலை... சத்தம் கேட்டுச்சு... கதவை விட்டுட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான், கதவை விட்டதற்கு மன்னிப்புக் கேட்பவன் போல. மாமியார் அவன் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். பிறகு மருமகளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கும்பிடாதீங்க அத்தை" என்று அவள் அந்தக் கைகளைப் பிரித்து இறக்கினாள்.

"நீ சொல்லலேன்னா எங்க எல்லாருக்கும் இன்னைக்கே சங்குதான், ஓடைக்காரம்மா" என்றான் ஒருவன். காரியும் போய் அம்மாவாகிவிட்டாள் அதற்குள். அவள் கடைக்குள் போனாள்.

நாத்தனார் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். இழுப்பு நின்று நேரமாகிவிட்டது என்றாள் தையல்கார அக்கா. ரத்தம் இல்லை. பெரிய பாலம் வழி திறந்ததும் வண்டி வரும். அக்கா டீ போட உள்ளே போனாள்.

"அண்ணன்?"

"வந்துட்டாரு. கையிலதான் தோல் போயிருக்கு."

"உதைக்குது அண்ணி. இப்பதான் உதைச்சுது. இங்க."

நாத்தனார் அவள் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். ஓடைக்காரி கையை வைத்திருக்க முடியாமல் இழுத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லாமல் இருந்தால் அது உள்ளேயே தேங்கி நிற்கும் என்று தோன்றியது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். தண்ணி வரணும்னு நான் வேண்டிக்கிட்டேன். நான் சொன்னது பொய்யாகிடக் கூடாதுன்னு. உங்க அண்ணன் கீழ இருக்காருன்னு தெரிஞ்சும்."

வெளியே தண்ணீர் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. நாத்தனார் கண்ணைத் திறந்து, கடைவாசலில் தாயின் மடியில் தலை சாய்த்துக் கிடந்த அண்ணனை ஒரு தரம் பார்த்தாள். அவனுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நானும்தான் அண்ணி" என்றாள்.